பாழடைஞ்ச கட்டடத்துக்குள்ள போட்டோ: ஜன்னல் வெளுத்துப் போகுது, ரூம் கறுத்துப் போகுது, என்ன பண்றது?

தூசித்தடம்:
வணக்கம் மக்களே. ரொம்ப வருஷமா பூட்டிக் கெடக்குற ஒரு பழைய மில்லுக்குள்ள ஓனர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டுப் போயிருந்தேன். உள்ள நுழைஞ்சதும் அப்படியே நின்னுட்டேன். ஒடைஞ்ச ஜன்னல் வழியா வெளிச்சம் சாஞ்சு விழுது, சுவத்துல பெயின்ட் காஞ்ச சருகு மாதிரி சுருண்டு சுருண்டு தொங்குது, ஆபீஸ் ரூம் மேஜை மேல ஒரு ரிஜிஸ்டர் விரிச்சபடியே கெடக்கு, நடுவுல கரையான் தின்னுட்டு ஓரம் மட்டும் மிச்சம். வீட்டுக்கு வந்து பாத்தா நான் கண்ணால பாத்தது ஒரு படத்துலயும் இல்ல. ரூமுக்கு எக்ஸ்போஸ் பண்ணா (அதாவது ரூமுக்கு ஏத்த மாதிரி வெளிச்ச அளவை செட் பண்ணா) ஜன்னல் வெள்ளைப் பேப்பர், ஜன்னலுக்குப் பண்ணா ரூம் கும்மிருட்டு. வேற வேற வெளிச்ச அளவுல எடுத்த மூணு ஷாட்டை ஹெச்டிஆர்ல ஒரே படமா சேத்தும் பாத்தேன், ஜன்னலைச் சுத்தி ஒளிவட்டம், சுவரெல்லாம் கார்ட்டூன் மாதிரி ஆயிடுச்சு. கேமரா ஏபிஎஸ்-சி (நடுத்தர சைஸ் சென்சார்), லென்ஸ் 18-55 மி.மீ., ட்ரைபாட் அன்னிக்கு எடுத்துட்டுப் போகல, எல்லாமே கையில புடிச்சு ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்திறன்) 3200ல எடுத்தது. ஓனர் இன்னொரு தடவ வரச் சொல்லிருக்கார். இந்தத் தடவயாவது சரியா எடுக்கணும், சொல்லிக் குடுங்க.

இருட்டறை:
தம்பி, ட்ரைபாட் கொண்டு போனாலே பாதி வேலை முடிஞ்சுது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8 (அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தோட அளவு), ரா ஃபைல் (கேமரா சுருக்காத மூல ஃபைல்). ஷட்டர் 10 செகண்ட் வந்தாலும் சரி 30 வந்தாலும் சரி, உள்ள அசையுற பொருள் எதுவும் இல்லயே. 2 செகண்ட் டைமர் போட்டு எடுங்க, லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரி பண்றது) இருந்தா ஆஃப் பண்ணிடுங்க. இருட்டுல ஃபிரேம் சரியா இருக்கான்னு பாக்க ஒவ்வொரு தடவயும் அரை நிமிஷம் காத்திருக்க வேணாம், ஐஎஸ்ஓ 6400ல ஒரு டெஸ்ட் ஷாட் எடுங்க, அதுல அரை செகண்ட் சரியா வந்துச்சுன்னா 100க்கு எறக்கும்போது 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு), அதாவது 64 மடங்கு, ஆக 32 செகண்ட். பெரும்பாலான கேமரால சாதாரணமா 30 செகண்டுக்கு மேல போகாது, பல்ப் மோடுக்கு (பட்டனை அழுத்தி வெச்சிருக்கிற வரைக்கும் ஷட்டர் திறந்திருக்கும்) மாத்தணும், இல்ல 30லயே எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆட்டோஃபோகஸ் இருட்டுல அலையும், டார்ச் அடிச்சு ஃபோகஸ் புடிச்சுட்டு மேனுவலுக்கு மாத்திடுங்க.

இப்ப ஜன்னல் விஷயம். உங்க ஹெச்டிஆர் கார்ட்டூன் ஆனதுக்குக் காரணம் சாஃப்ட்வேர் மட்டும் இல்ல, கையில புடிச்சு எடுத்த மூணு ஷாட்டும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரல, மேல ஐஎஸ்ஓ 3200ல வர்ற நாய்ஸ் (புள்ளி புள்ளியா தெரியுறது) வேற. ட்ரைபாட்ல வெச்சு 2 ஸ்டாப் இடைவெளில 5 ஷாட் எடுங்க, ஷட்டரை மட்டும் மாத்துங்க, அப்பர்ச்சரைத் தொடாதீங்க. நான் ஆட்டோ மெர்ஜ் போடுறதே இல்ல, ரூமுக்கு ஒரு ஷாட், ஜன்னலுக்கு ஒரு ஷாட், ரெண்டையும் லேயரா வெச்சு ஜன்னல் இருக்குற எடத்துல மட்டும் மாஸ்க்ல (ஒரு பகுதிய மட்டும் தெரிய வெக்கிற எடிட்டிங் டூல்) பாதியளவு கொண்டு வருவேன். முழுசா கொண்டு வராதீங்க. இருட்டு ரூம்ல நின்னு ஜன்னலைப் பாத்தா நம்ம கண்ணுக்கே கூசும், கம்பியும் கண்ணாடியில இருக்குற அழுக்கும் தெரிஞ்சாப் போதும். வெளிய நிக்குற மரத்துல ஒவ்வொரு இலையும் பளிச்சுனு தெரிஞ்சா அந்தப் படம் பொய்யாத் தெரியும்.

இன்னொண்ணு, ஜன்னலை ஏன் ஃபிரேமுக்குள்ள வெக்கணும்? ஜன்னலைப் பக்கவாட்டுல விட்டுட்டு சுவத்தைப் பாருங்க. பக்கத்துல இருந்து வர்ற வெளிச்சத்துல தான் அந்த சுருண்ட பெயின்ட் ஒவ்வொண்ணுக்கும் நிழல் விழும். மேகமூட்டமான நாளா இருந்தா இன்னும் நல்லது. நமீபியாவுல கோல்மன்ஸ்கோப்னு ஒரு வைரச் சுரங்க ஊர், 1956லயே ஆளில்லாம ஆயிடுச்சு, வீட்டுக்குள்ள பாதி கதவு வரைக்கும் பாலைவன மணல். அந்தப் படங்களைப் பாருங்க, வெளிச்சம் மணல்ல பட்டு மேல சுவத்துக்கு ஏறுது, வேற லைட்டே தேவையில்ல. வெயில் நாளா இருந்தா உங்க மில்லுலயும் தரையில வெயில் விழுற நேரம் எதுன்னு பாத்து வெச்சுக்கங்க.

படிக்கட்டு:
வெளிச்சம் எல்லாம் சரி, மூச்சு முக்கியம். பழைய மில்லுன்னா கூரையில ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம், ஒடைஞ்சு கெடந்தா அந்த நார் கண்ணுக்குத் தெரியாம காத்துல நிக்கும். சாதா துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் அதுக்கு ஆகாது, பி100 ஃபில்டர் (ரொம்ப நுண்ணிய தூசியையும் தடுக்குறது) போட்ட ரெஸ்பிரேட்டர் வேணும். ஒடைஞ்ச ஷீட் கொட்டிக் கெடக்குற ரூமுக்குள்ள போகவே போகாதீங்க. புறா, வவ்வால் எச்சம் குவிஞ்ச எடத்தையும் கிளறாதீங்க, அதுல வளர்ற பூஞ்சை நுரையீரலுக்குள்ள போனா ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் வரலாம். மாடியில மரத்தளமா இருந்தா இன்னும் உஷாரு. வியூஃபைண்டர்ல கண்ணை வெச்சுக்கிட்டே ரெண்டடி பின்னால போனேன், பலகை இத்துப் போயிருந்துது, முழங்கால் வரைக்கும் உள்ள எறங்கிடுச்சு, கூட வந்தவன் இல்லன்னா என்ன ஆயிருக்குமோ. தனியா போகாதீங்க, நகரணும்னா கேமராவ எறக்கிட்டு நகருங்க.

பழுப்புப் பக்கம்:
அந்த ரிஜிஸ்டரைத் தொடாம எடுங்க, இதை மட்டும் கேட்டுக்கறேன். செர்னோபில் அணு உலை விபத்துக்கு அப்புறம் பக்கத்துல இருந்த பிரிப்யாட் ஊரை 1986 ஏப்ரல் 27 அன்னிக்குக் காலி பண்ணாங்க, இன்னிக்கு அங்க எடுத்த படங்கள்ல பொம்மைக்கு கேஸ் மாஸ்க் மாட்டி கட்டில்ல உக்கார வெச்சிருக்கும், அதெல்லாம் பின்னால வந்தவங்க அடுக்குனது. விட்டுட்டு ஓடுனவங்க வெச்சது எது, போட்டோவுக்காக வெச்சது எதுன்னு இப்ப பிரிச்சே சொல்ல முடியல. நாற்காலிய ஒரு ஜாண் நகத்துனா கீழ தூசில இருக்குற நாலு காலோட தடமும் போயிடும். நாம நகந்துக்கலாம், பொருள் அங்கயே இருக்கட்டும். எடம் எங்கன்னும் பொதுவுல போடாதீங்க, அடுத்த வாரமே ஜன்னல் கம்பிய அறுத்துட்டுப் போயிடுவாங்க.

தூசித்தடம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ஃபிரண்டைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்தேன். கூரை ஷீட் ஒடைஞ்ச பக்கம் போகல. ஆபீஸ் ரூம்ல மட்டும் ரெண்டு மணி நேரம், மொத்தமே ஒன்பது ஃபிரேம். ஜன்னலை எடது பக்கம் வெளிய விட்டுட்டு, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 20 செகண்ட். ரிஜிஸ்டரைத் தொடல, குனிஞ்சு ட்ரைபாட்டை மேஜை உயரத்துக்கு எறக்கினேன். கரையான் விட்டு வெச்ச ஓரத்துல சிவப்பு மையில போட்ட கோடும் பாதி கையெழுத்தும் இருக்கு, போன தடவ நேர்ல பாத்தப்பவே இது என் கண்ணுல படல, 20 செகண்ட் ஷாட்டை ஸ்கிரீன்ல பெருசு பண்ணப்ப தான் தெரிஞ்சுது. ஓனருக்கு ஒரு பிரின்ட் போட்டுக் குடுக்கப் போறேன், அந்தக் கையெழுத்து யாரோடதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கலாம்.