பென்டிரைவில் ஏற்றிய படங்கள் வகுப்பறைத் தொலைக்காட்சியில் தெரியவில்லை – அவசர உதவி தேவை

குன்றக்குடிப் பக்கத்து ஆசிரியை | மாலை 6.10
அனைவருக்கும் வணக்கம். நாளைக் காலை இரண்டாம் பாடவேளையில் இதயமும் இரத்த ஓட்டமும் நடத்த வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்கள் ஆறினைப் பென்டிரைவில் ஏற்றி இன்று வகுப்பறைத் தொலைக்காட்சியில் செருகிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தெரியவில்லை. வீட்டுக் கணினியில் எல்லாம் நன்றாகவே வருகின்றன. பள்ளியில் இணையம் இல்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா | 6.22
டீச்சர், படம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிழற்படமா, வரைபடமா, ஓடுகிற காணொளியா? எந்தத் தளத்திலிருந்து இறக்கினீர்கள்? திரையில் பென்டிரைவே தென்படவில்லையா, கோப்பின் பெயர் தெரிந்தும் திறக்க மறுக்கிறதா, ஒலி மட்டும் வருகிறதா? மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். மருந்தும் வேறு வேறு.

புதுவயல் கணக்காசிரியர் | 6.31
இது பென்டிரைவின் கோளாறுதான் என்பது என் உறுதியான கருத்து. பல தொலைக்காட்சிகள் ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவை மட்டுமே படிக்கும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, ஃபார்மட் செய்து மறுபடி ஏற்றுங்கள். அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பள்ளத்தூர் மூத்தவர் | 6.40
இதே கேள்விக்கு இந்தக் குழுவில் நான் பலமுறை விடை எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைத் தேடிப் பார்க்கவும் பொறுமையில்லை. கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று நான்கு எழுத்துகளைக் கவனிக்கும் பழக்கமும் இல்லை. அடிப்படை தெரியாமல் வகுப்பில் கருவிகளைத் தொடுவதைவிடக் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் இதயத்தை வரைந்துவிடலாம்.

கோட்டையூர் நூலகப் பணியாளர் | 6.52
ஐயா, விண்டோஸ் அந்த எழுத்துகளை இயல்பாகவே மறைத்துவைக்கிறது. ஆசிரியை கவனிக்காததில் பிழை இல்லை. அம்மா, கோப்பின் மேல் வலச்சொடுக்கிப் 'புராப்பர்ட்டீஸ்' பாருங்கள். அதில் கோப்பின் வகை இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள்.

குன்றக்குடிப் பக்கத்து ஆசிரியை | 7.25
மன்னிக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஐந்து காணொளிகள், ஒரு வரைபடம். காணொளிகளில் நான்கு வெப்எம், ஒன்று ஓஜிவி, வரைபடம் எஸ்விஜி. எல்லாம் விக்கிப்பீடியாவுக்கான கோப்புக் கிடங்காகிய விக்கிமீடியா பொதுவகத்தில் எடுத்தவை. பென்டிரைவ் தெரிகிறது, கோப்பைத் திறந்தால் ஆதரிக்கப்படாத கோப்பு என்று வருகிறது.

கானாடுகாத்தான் இளைஞர் | 7.29
பெயரில் வெப்எம் என்பதை அழித்துவிட்டு எம்பி4 என்று எழுதினால் போதும், அக்கா.

தேவகோட்டை ரஸ்தா | 7.41
தம்பி, பானையின் மேல் ஒட்டிய தாளை மாற்றினால் உள்ளே இருக்கும் புளி வெல்லமாகிவிடாது. உள்ளே படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளன என்பதைப் பெயர்மாற்றம் தொடுவதே இல்லை.

டீச்சர், உங்கள் பென்டிரைவும் பழுதில்லை, தொலைக்காட்சியும் பழுதில்லை. கோப்பின் வடிவம்தான் சிக்கல், தொலைக்காட்சிகள் பென்டிரைவிலிருந்து எளிதில் ஓட்டுவது எம்பி4 வகையை. விக்கிமீடியா பொதுவகம் எம்பி4 கோப்புகளை ஏற்பதில்லை. காப்புரிமைக் (பேட்டன்ட்) கட்டணத்துக்கு உட்பட்ட வடிவங்களைத் தவிர்த்து, வெப்எம், ஆக் (உங்கள் ஓஜிவி இந்த வகைதான்) போன்ற திறந்த வடிவங்களையே வைத்திருக்கிறது. எம்பி4-ஐச் சேர்த்துக்கொள்ளலாமா என்று 2014-இல் அங்கே பங்களிப்பாளர்களிடம் கருத்துக் கேட்டபோதும் வேண்டாம் என்றே முடிவாயிற்று. யூடியூப் செயலிக்குள் வெப்எம் வகையை ஓட்டுகிற தொலைக்காட்சிகூடப் பென்டிரைவிலிருந்து அதை ஓட்ட மறுப்பதுண்டு.

விஎல்சி மென்பொருள் இலவசம். அதில் 'மீடியா' பட்டியலைத் திறந்து 'கன்வர்ட்/சேவ்' என்பதைத் தேர்ந்து, கோப்பைச் சேர்த்து, 'புரொஃபைல்' என்ற இடத்தில் எச்.264, எம்பி3, எம்பி4 என்று மூன்றும் சேர்ந்து வரும் வகையைத் தேர்ந்து, சேமிக்கும் கோப்புக்குப் புதிய பெயர் கொடுத்துத் தொடங்குங்கள். கீழே நகரும் பட்டை கடைசிவரை போகட்டும், அதற்குமுன் மூடிவிடாதீர்கள். எஸ்விஜி வரைபடத்தை மாற்றவே வேண்டாம். பொதுவகத்தில் அப்படத்தின் பக்கத்தில், படத்துக்குக் கீழேயே பிஎன்ஜி வடிவம் பல அளவுகளில் இருக்கும். பெரிய அளவைச் சொடுக்கி இறக்குங்கள்.

ஆத்தங்குடிக்காரர் | 8.05
இதே சுவரில் மறுபக்கத்திலிருந்து முட்டியவன் நான். எங்கள் ஊரில் பூக்கல் (தரையில் பதிக்கும் பூவேலை ஓடு) செய்வதை, கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றுகிற கையை மட்டும் கிட்டத்தில் வைத்து, கைப்பேசியில் படமெடுத்துப் பொதுவகத்தில் ஏற்றப் பார்த்தேன். என் எம்பி4-ஐ அது வாங்க மறுத்தது. வெப்எம் ஆக்கிய பிறகே ஏற்றுக்கொண்டது.

பள்ளத்தூர் மூத்தவர் | 8.14
வடிவத்தை மாற்றுவது படைப்பைத் திருத்துவதாகும். உரிமத்தைப் படிக்காமல் மாற்றச் சொல்வது தவறான வழிகாட்டல்.

கோட்டையூர் நூலகப் பணியாளர் | 8.27
ஐயா, படைப்பைப் பிறரும் பயன்படுத்தத் திறந்துவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமம் இதைத் தெளிவாகவே அனுமதிக்கிறது. ஊடகமும் வடிவமும் மாறும்போது தேவைப்படும் தொழில்நுட்ப மாற்றங்களை மட்டும் செய்தால் அது தழுவல் ஆகாது என்பது அதன் வாசகத்திலேயே உள்ளது. மேலும், வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமமோ திருத்தத்தைத் தடுக்கும் உரிமமோ மட்டும் உள்ள படைப்பைப் பொதுவகம் ஏற்பதே இல்லை. ஆக்கியவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் காட்டுவதுதான் நம் கடமை. இறுதி ஸ்லைடில் ஒரு வரியாகப் போட்டுவிடலாம்.

புதுவயல் கணக்காசிரியர் | 8.36
வகுப்பறைக்கு இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் படியெடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை.

கோட்டையூர் நூலகப் பணியாளர் | 8.50
அது உண்மைதான். மாணவர்களுக்குப் பாடநூல் பகுதிகளை நகலெடுத்துக் கொடுத்த கடைமீதான டெல்லிப் பல்கலைக்கழக நகலக வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 'கற்பித்தலின்போது' என்ற சொல்லுக்கு விரிந்த பொருளே கொடுத்தது. ஆனால் அதே காணொளியைப் பள்ளியின் யூடியூப் பக்கத்தில் ஏற்றிவிட்டால் அது கற்பித்தல் என்ற வட்டத்துக்குள் நிற்குமா என்பது வேறு கேள்வி. நம்மில் பலர் வகுப்பில் காட்டியதை அன்று மாலையே பெற்றோர் குழுவில் பகிர்ந்துவிடுகிறோம். திறந்த உரிமப் படைப்பானால் பெயரைக் குறிப்பிட்டுவிட்டுத் தயங்காமல் பகிரலாம். நான் அதையே பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான். யாரோ ஒருவர் தம் உழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருக்கும்போது, அவர் பெயரை எழுத ஒரு வரி செலவிடுவது நாம் செலுத்தும் நன்றி.

பள்ளத்தூர் மூத்தவர் | 9.02
4.0 பதிப்பைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பழைய பதிப்பு உரிமங்கள் உள்ள கோப்புகளில் வாசகத்தைத் தனியே பார்க்க வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா | 9.10
உரிமம் இருக்கட்டும். டீச்சர், மாற்றம் முடிந்ததா? முதல் பாடவேளைக்கு முன்பே ஒருமுறை தொலைக்காட்சியில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

குன்றக்குடிப் பக்கத்து ஆசிரியை | மறுநாள், பிற்பகல் 1.15
உணவு இடைவேளையில் எழுதுகிறேன். விஎல்சியில் மாற்றிய ஐந்தும் ஓடின. ஒன்றில் ஒலி வரவில்லை. வீட்டில் மூலக் கோப்பை ஓட்டிப் பார்த்தபோதே அதில் ஒலி இல்லை, அதனால் நானே பேசி விளக்கினேன். பிஎன்ஜி வரைபடம் கடைசி வரிசைக்கும் தெளிவாகத் தெரிந்தது. வால்வு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், யாரும் சொல்லாமலே, இரு விரல்களைக் கழுத்தில் வைத்து எண்ணத் தொடங்கினான். அனைவருக்கும் நன்றி. மணி அடித்துவிட்டது.

கானாடுகாத்தான் இளைஞர் | 1.40
அக்கா, அந்த வரைபடத்தில் பாகங்களின் பெயர்கள் தமிழில் இருந்தனவா? எங்கள் பள்ளிக்கும் தேவைப்படுகிறது.