புதுப்பிப்பு: க்யூப்ஸில் ஒரே ஒரு மெய்நிகர் கணினிக்கு மட்டும் சீரியல் போர்ட்

வேலைகளைத் தனித்தனி மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து வைக்கும் க்யூப்ஸ் ஓஎஸ்ஸில், சொந்த கர்னல் போட்ட ஒரு ஹெச்விஎம் (வன்பொருள் உதவியோடு ஓடும் மெய்நிகர் கணினி) பாதி பூட்டிலேயே நிற்கிறது, பூட் செய்திகளைப் பார்க்க அதற்கு மட்டும் சீரியல் போர்ட் (செய்திகளை எழுத்தாக வெளியே அனுப்பும் வழி) சேர்ப்பது எப்படி என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து போன வாரம் கேட்டிருந்தேன். வழி கிடைத்துவிட்டது.

சித்தூர் அண்ணா, நீங்கள் சொன்னபடி விர்ஷில் (மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் கட்டளைக் கருவி) திருத்தினால் மாற்றம் தங்காது. மெய்நிகர் கணினி தொடங்கும்போதெல்லாம் ஜின்ஜா வார்ப்பிலிருந்து (டெம்ப்ளேட்) அதன் அமைப்பு விவரமான லிப்வர்ட் எக்ஸ்எம்எல் புதிதாக எழுதப்படுகிறது. மூல வார்ப்பையும் தொடாதீர்கள், அப்டேட் வந்தால் போய்விடும்.

டாம்-ஜீரோவில் (மற்ற எல்லாக் கணினிகளையும் நிர்வகிக்கும் பகுதி) 'ஈடிசி' அடைவின் கீழ் க்யூப்ஸ், டெம்ப்ளேட்ஸ், லிப்வர்ட், ஸென், பை-நேம் என்று வரிசையாக உள்ளே போய், மெய்நிகர் கணினியின் பெயரிலேயே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு வையுங்கள். அதில் முதலில் மூல வார்ப்பை 'எக்ஸ்டெண்ட்ஸ்' செய்ய வேண்டும், அதாவது அதன் மேலேயே கட்ட வேண்டும். அப்புறம் 'டிவைசஸ்' பிளாக்கில் 'சூப்பர்' (மூலத்தில் உள்ளதை அப்படியே சேர்ப்பது), அதன் கீழே பிடிஒய் (போலி டெர்மினல்) வகை சீரியல். அந்த சூப்பர் இல்லாவிட்டால் டிஸ்க், நெட்வொர்க் எதுவும் சேராது.

எல்லாக் கணினிக்கும் சேர்த்து மாற்ற ஸென்-யூசர் கோப்பு உண்டு. நான் அதைத் தவிர்ப்பேன். ஒன்றின் தேவைக்காக மற்றதைத் திறந்துவிடுவது, பிரித்து வைக்கவே பிறந்த க்யூப்ஸுக்கு நியாயமே இல்லை.

கர்னல் வரியில் கன்சோலை டிடிஒய்எஸ்-ஜீரோ (முதல் சீரியல் போர்ட்) என்று கொடுத்ததும் செய்திகள் கொட்டின. ரூட் வட்டின் யூயூஐடி (அடையாள எண்) பொருந்தவில்லை, அவ்வளவுதான் கோளாறு.