தடுப்பூசியின் மூன்றாம் தவணை தவறிவிட்டது. மீண்டும் தொடங்க வேண்டுமா?

கேள்வி (கோத்தகிரி):
தேயிலைத் தோட்ட மருந்தகமொன்றில் உதவிச் செவிலியராகப் பணிபுரியும் நான், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் இரண்டு தவணைகளைப் போட்டுக்கொண்ட பின், ஆறாம் மாதத்தில் போட வேண்டிய மூன்றாவதைத் தவறவிட்டு ஓராண்டுக்கு மேலாகிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? மேலும், உறைபனிக் காலத்தில் மருந்துக் குப்பியை வெளியே வைத்தாலும் கெடாது என்கிறார் உடன் பணிபுரியும் ஒருவர், அது சரியா?

பதில் (உதகை):
தேவையில்லை, சகோதரி. விடுபட்ட மூன்றாவதை மட்டும் போட்டுக்கொண்டால் போதும். புட்டத்தில் வேண்டாம், மேற்கைத் தசையில் போடச் சொல்லுங்கள்.

பதில் (குன்னூர்):
உங்கள் உடன் பணிபுரிபவர் சொல்வது தவறு. இம்மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதிலுள்ள அலுமினிய உப்புத் துகள்கள் திரண்டு ஆற்றல் கெடும், உருகிய பின் எவ்வளவு குலுக்கினாலும் மீளாது. சமவெளியினர் வெயிலுக்கு அஞ்சுவதுபோல, சனவரி விடியலில் நாம் பனிக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது. (பனிக்கட்டியை ஒட்டி வைத்த குப்பிகளை நாங்களே ஒருமுறை எறிந்திருக்கிறோம்.)

பதில் (கூடலூர்):
ஊசி குத்திக் காயம் நேரக்கூடிய பணி என்பதால், மூன்றாம் தவணைக்குப் பின் 1 முதல் 2 மாதங்களில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் (தடுப்பூசியால் உடலில் உருவாகும் நோயெதிர்ப்புப் புரதம்) அளவைப் பரிசோதியுங்கள். லிட்டருக்கு 10 பன்னாட்டு அலகேனும் இருக்க வேண்டும். ஈஸ்ட் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.