இளையோர் நிகழ்ச்சிகளுக்கு வருகை குறைந்துகொண்டே போகிறது: எதை மாற்றுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்காக ஓராண்டாக நிகழ்ச்சிகள் நடத்தி வருகிறோம். ஆளுமைப் பயிலரங்கு, வினாடி வினா, ஓவியப் போட்டி, தொழில் வழிகாட்டல் உரை என மாதத்துக்கு ஒன்று. தொடக்க விழாவுக்கு அறுபது பேர் வந்தார்கள். சென்ற மாதம் ஒன்பது பேர்தான், அவர்களிலும் நால்வர் நிர்வாகிகளின் பிள்ளைகள். படிப்பு கெடுகிறது என்று பெற்றோர் குறைபடுகிறார்கள். ஊர் சுற்றும் சில பையன்களுக்கு மட்டும் தனியாக ஒழுக்க முகாம் நடத்தலாம் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். நிகழ்ச்சிகளைக் கூட்டுவதா, பரிசுத் தொகையை உயர்த்துவதா, அடிப்படையிலேயே எதையாவது மாற்றுவதா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

உங்கள் பட்டியலில் நிகழ்ச்சிகள் இருக்கின்றன; பிள்ளைகள் தேடி வரும்படியான மனிதர் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு மாதமும் புதிய பேச்சாளர், புதிய தலைப்பு என்றால் சென்ற மாதம் பிள்ளை சொன்னதை இந்த மாதம் நினைவில் வைத்திருந்து கேட்பவர் யார்?

1904இல் நியூயார்க்கில் வேர்விட்ட ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அமைப்பு, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற முறையில் வழிகாட்டிகளை இணைத்து வருகிறது. அதில் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வை உங்கள் செயற்குழுவில் அவசியம் பேச வேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் நற்பலன்கள் மிகுதியாகத் தெரிந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. அரைகுறையாகத் தொடங்கிக் கைவிடுவது வெறும் வீண்செலவு அன்று, பிள்ளைக்கு அது இன்னொரு கைவிடல்.

ஆகவே பரிசுத் தொகையை விடுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம், மாறாத இரண்டு பெரியவர்கள். இதை ஓராண்டுக்கு உறுதி செய்யுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனியறையில் இருக்கக் கூடாது என்பதையும், தன்னார்வலர்களின் பின்னணியை விசாரித்த பிறகே சேர்க்க வேண்டும் என்பதையும் முதல் நாளிலேயே எழுத்தில் வைத்துவிடுங்கள்.

பதில் 2

முந்தைய பதிலுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும், நல்ல பெரியவர் ஒருவர் தொடர்ந்து வந்தாலே போதும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சிறுவர்கள் தவறான வழியில் போவதைத் தடுக்க அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வில் சிறுவர்களுக்குச் சராசரியாக ஐந்தாண்டுகள் ஆலோசகர்கள் துணை நின்றார்கள். ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களை முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்து 1978இல் வெளியிட்ட முடிவு அதிர்ச்சி தந்தது: உதவி பெற்றவர்களின் வாழ்க்கை, பெறாதவர்களின் வாழ்க்கையைவிடச் சில வகைகளில் மோசமாகவே அமைந்திருந்தது. கோடை முகாம்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் அந்தக் கேடு மிகுதியாகக் காணப்பட்டதைப் பின்னர் கண்டறிந்தார்கள். கட்டுக்கு அடங்காத பிள்ளைகளை ஒரே இடத்தில் கூட்டும்போது அவர்கள் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு அதே வழியில் மேலும் போகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அந்த ஒழுக்க முகாம் யோசனையை எழுந்து நின்று எதிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பையன்களும் மற்றவர்களோடு கலந்து வரட்டும்.

பெற்றோரைக் குறைசொல்பவர்களாக மட்டும் பார்க்க வேண்டாம். ஐஸ்லாந்தில் மாணவர்களிடம் ஆண்டுதோறும் கருத்தெடுப்பு நடத்தி, பெற்றோர் அமைப்புகளை வலுப்படுத்தி, விளையாட்டுக்கும் கலைக்கும் உதவித்தொகை கொடுத்தார்கள்; 15, 16 வயதினரில் முந்தைய மாதம் குடிபோதையில் இருந்தோர் 1998இல் 42 விழுக்காடாக இருந்து 2016இல் 5 விழுக்காடாகக் குறைந்தனர். பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டு அவர்கள் இதைச் சாதிக்கவில்லை.

பதில் 3

சுருக்கமாக ஒன்று. இந்த நிகழ்ச்சிகளில் எதையாவது பிள்ளைகள் கேட்டார்களா? ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பாகவே அவர் கருதவில்லை. பெரியவர் எழுதிக் கொடுத்த வரவேற்புரையைப் பிள்ளையை மேடையேற்றிப் படிக்கவைப்பது அந்த ரகம். நிதியில் ஒரு பகுதியை அவர்கள் கையில் கொடுத்து, கணக்கு மட்டும் கேளுங்கள். முதல் முயற்சி சொதப்பினாலும் திரும்பப் பறிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முகாம் யோசனையைக் கூட்டத்தில் எதிர்க்கப் போகிறேன். ஓராண்டுக்கு வாரந்தோறும் வரத் தயாரானவர்களைக் கேட்டபோது, என்னைத் தவிர ஒரே ஒருவர்தான் ஒப்புக்கொண்டார். இருவரில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லாத வாரத்தில் என்ன செய்வது?

பதில் 1 எழுதியவர்

அந்த வாரம் மூடிவிடுங்கள். ஆனால் காரணத்தை முன்கூட்டியே பிள்ளைகளிடம் நேரில் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே நேரத்தில் கதவு திறந்திருக்கட்டும். மூன்றாமவரைத் தேடிக்கொண்டே தொடங்கலாம்.