கையில் ஒரு தாள் இருந்தால் செமினார் ஆகாதா?

காட்பாடி_எப்சிலான்:
"மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. கணித செமினாரில் பேசுபவர் கையில் துண்டுத் தாள்கூட இருக்கக் கூடாது, இருந்தால் பாதி மதிப்பெண் காலி" என்று பாலாற்றங்கரை இன்னொரு இழையில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு லைக் வேறு குவிகிறது. இது கணித செமினாரா, செய்யுள் ஒப்பித்தல் போட்டியா?

'இ' (e, சுமார் 2.718) ஒரு விகிதமுறா எண், அதாவது பின்னமாக எழுத முடியாத எண், என்ற நிறுவலை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டுக்குப் பொருத்தமான தலைப்பு, 35 நிமிடத்தில் முடியும். இ = பி/க்யூ என்று வைத்து, இ = 1 + 1/1! + 1/2! + 1/3! + ... என்ற தொடரை க்யூ ஃபேக்டோரியலால் (க்யூ!, 1 முதல் க்யூ வரை பெருக்கியது) பெருக்கினால் க்யூ வரையிலான உறுப்புகள் எல்லாம் முழு எண். மிச்சம் 1/(க்யூ+1) + 1/((க்யூ+1)(க்யூ+2)) + ... என்று போகும். இடப்பக்கமும் முழு எண் என்பதால் இந்த மிச்சமும் முழு எண்ணாக வேண்டும். ஆனால் இது பூச்சியத்தைவிடப் பெரியது, 1ஐவிடச் சிறியது என்று காட்டிவிட்டால் முரண்பாடு, வேலை முடிந்தது. வெறுங்கையோடு நிற்கும் பையன் என்ன எழுதுவான்? 1/(க்யூ+1) + 1/(க்யூ+2) + ... என்று எழுதுவான். கீழே இருந்த பெருக்கல் காணாமல் போய்விடும். அது ஹார்மோனிக் தொடரின் (1 + 1/2 + 1/3 + ...) வால், எந்த எண்ணுக்குள்ளும் அடங்காது. மீதி நேரம் முழுக்க போர்டு முன்னால் வேர்வைதான். கையில் தாள் இருந்தால் ஒரு பார்வையில் சரியாகியிருக்கும்.

பாலாற்றங்கரை:
பேர் சொல்லி இழுத்ததற்கு நன்றி. உங்கள் உதாரணமே எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. க்யூ ஃபேக்டோரியலை (க்யூ+2) ஃபேக்டோரியலால் வகுத்தால் கீழே இரண்டு காரணிகள் நிற்கும். மிச்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவன் அங்கேயே ஓரமாகப் போட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்வான். தெரியாதவன்தான் தாளைத் தேடுவான். தாள் வைத்திருப்பவர் செய்கிற காரியம் எல்லோருக்கும் தெரியும்: முதுகு வகுப்புக்கு, கண் தாளுக்கு, கை போர்டுக்கு. கைடில் அச்சுப்பிழை இருந்தால் அதுவும் அப்படியே போர்டில் ஏறும். தாள் கூடாது.

கோட்டை_அகழி:
ஏம்பா பாலாறு, உன் ஆத்துல தண்ணி வர்ற மாதிரி எப்பவாச்சும் ஒரு தபா நல்ல கருத்து வரும்னு பாத்தா, இந்த வருசமும் மணல்தான். ப்ரொஃபசர் மட்டும் நோட்ஸ் வச்சிக்கினு பாடம் எடுக்கலாம், பையன் வெறுங்கையா நிக்கணுமா? இன்னா நாயம் இது?

மேல்விஷாரம்_மாறிலி:
ஒரு சந்தேகம். தாள் என்று எதைச் சொல்கிறீர்கள்? தேற்றத்தின் கூற்றும் இரண்டு சமனிலிகளும் மட்டும் எழுதிய உள்ளங்கை அளவு அட்டையா, முழு நிறுவலையும் எழுதிய நான்கு பக்கமா? இரண்டும் ஒன்றில்லையே.

பாலாற்றங்கரை:
தாள் என்றால் தாள். @கோட்டை_அகழி, ஆசிரியர் தேர்வு எழுதுவதில்லை. போன மாதம் டிடர்மினன்ட் இழையில் தோற்ற கடுப்பை இங்கே வந்து தீர்க்காதீர்கள்.

தாளுக்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன், இங்கே யாரும் கேட்க மாட்டீர்கள். ஒரு வாரம் முன்பே இரண்டு பக்கத்தில் கையால் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும், அவர் ஓட்டைகளை வட்டம் போட்டுத் தருவார். அந்தத் தாளுக்கு நான் எதிரி இல்லை. போர்டை மூன்றாகப் பிரிக்க வேண்டும். இடப்பக்கம் தேற்றமும் வரையறைகளும், மணி அடிக்கும்வரை அதில் டஸ்டர் படக் கூடாது. நிறுவல் நடுவில் தொடங்கி வலப்பக்கம் போகும். இடம் தீர்ந்தால் முதலில் அழிப்பது நடுப்பகுதியை. முந்தின நாள் காலி வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு நண்பனை உட்காரவைத்து ஒருமுறை முழுசாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவனுக்கு எழுத்து தெரிகிறதா, எந்த வரியில் முகம் சுளிக்கிறான் என்று கவனிக்க வேண்டும். இதைச் செய்தவனுக்குத் தாள் எதற்கு?

காட்பாடி_எப்சிலான்:
சரி, பகா எண்கள் முடிவிலி என்ற யூக்ளிட் நிறுவலுக்கு வருவோம். பாதிப் பேர் "எல்லாவற்றையும் பெருக்கி 1 கூட்டினால் புதிய பகா எண் கிடைக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். தவறு என்று காட்ட 2, 3, 5, 7, 11, 13 வரை பெருக்கி 1 கூட்டினால் 30031. அது 59 பெருக்கல் 509. இந்த 59ஐயும் 509ஐயும் மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டுமா? ஒரு மூலையில் குறித்து வைத்திருந்தால் குடியா முழுகிவிடும்?

பாலாற்றங்கரை:
59 தேவையே இல்லை. "அந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி உண்டு, அது நம் பட்டியலில் இல்லை" என்று சொன்னால் நிறுவல் முழுமை. தவறாகச் சொன்னவனுக்குத்தான் 30031 தேவைப்படும். தாள் கூடாது.

கோட்டை_அகழி:
509ஐ நீங்க தாள் பாக்காம சொல்லிடுவீங்களா சார்? கூகுள் பாக்காம?

நேர்மாறு:
பாலாற்றங்கரை சொல்வதில் புதிதாக ஒன்றும் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆர்.எல். மூர் இதைவிடக் கறாராக நடத்தினார். புத்தகத்தைத் திறக்கக் கூடாது, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாது. தேற்றத்தை மட்டும் கொடுப்பார், நிறுவலை மாணவரே கண்டுபிடித்து போர்டில் காட்ட வேண்டும். சொந்தமாகக் கண்டுபிடித்ததற்குத் தாள் வேண்டியிருக்காது.

காட்பாடி_எப்சிலான்:
அதே மூர்தான் கறுப்பின மாணவர்களைத் தன் வகுப்பில் சேர்க்க மறுத்தவர். அவர் பெயர் தாங்கிய கட்டடத்துக்கு 2020ல் பெயரை மாற்றினார்கள். நல்ல ஆளைப் பிடித்தீர்கள்.

நேர்மாறு:
முறையைப் பற்றிப் பேசினால் ஆளைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

காட்பாடி_எப்சிலான்:
யாரை உள்ளே விடுவது என்பதும் அந்த முறையில் சேர்த்திதான்.

கோட்டை_அகழி:
டெக்சாஸ் இன்னாத்துக்கு? நம்ம வட ஆற்காடு தண்டரைல பொறந்தவர்தான் கணித மேதை எம்.எஸ். நரசிம்மன். 1965ல வந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் உலகம் பூரா பேசுது. நம்ம ஊருக்கு எவனும் பாடம் நடத்த வேணாம்.

பாலாற்றங்கரை:
அவர் படித்தது சென்னை லயோலாவில், அங்கே கணிதம் நடத்திய பாதர் ரசீனிடம். வட ஆற்காட்டை 1989லேயே பிரித்தாகிவிட்டது. அதற்கப்புறம் 2019ல் வேலூரையும் மூன்றாக்கிவிட்டார்கள். இன்னும் "நம்ம வட ஆற்காடு" என்று மார்தட்டுகிறீர்கள். அவர் தாள் வைத்துக்கொண்டு பேசினார் என்று எங்காவது இருக்கிறதா?

கோட்டை_அகழி:
வச்சிக்கலன்னு எங்க கீது?

மேல்விஷாரம்_மாறிலி:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, போகட்டும். கணக்கைப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள். ஆறு டே ஆர்டர் (கிழமைக்குப் பதில் 1 முதல் 6 வரை சுழலும் கால அட்டவணை) என்றால் 15 சுற்று. சுற்றுக்கு ஒரு பீரியட் செமினார் என்றால் மொத்தம் 15 வகுப்புதான். வகுப்பில் 60 பேர் இருந்தால் ஒரு வகுப்புக்கு 4 பேர் பேசியாக வேண்டும். 50 நிமிடத்தில் அட்டெண்டன்ஸுக்கு 5 போனால் ஆளுக்கு 11 நிமிடம், கேள்வி நேரமும் அதற்குள்ளேதான். எப்சிலான் சொல்லும் 35 நிமிட நிறுவல் எங்கே நுழையும்? நால்வர் குழுவாகச் சேர்ந்து ஒரே தேற்றத்தைப் பங்கு போட்டால்தான் உண்டு: ஒருவர் வரையறை, இருவர் நிறுவல், நாலாமவர் எதிர்மறை உதாரணம். அப்போது ஒருவர் விட்ட குறியீட்டை அடுத்தவர் மாற்றிவிடுவார், முதலாமவர் 'என்' (n) என்று எழுதியது மூன்றாமவரிடம் 'கே' (k) ஆகிவிடும். பொதுவாக ஒரு குறியீட்டுப் பட்டியல் கையில் இல்லாமல் இது நடக்காது.

பாலாற்றங்கரை:
குறியீட்டுப் பட்டியலைப் போர்டின் இடப்பக்கம் எழுதுங்கள். அதற்குத்தான் அந்தப் பகுதியை அழிக்காதீர்கள் என்றேன். படிப்பதே இல்லை.

மெய்யெண்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட முடியாது என்று காட்டும் காண்டரின் மூலைவிட்ட வாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம் என்று மாற்றிக்கொண்டே போய்ப் புதிய எண்ணை உருவாக்குவது அது. தாளில் உள்ளதை அப்படியே இறக்கிவைத்தவனிடம், "0.4999... என்பதும் 0.5 என்பதும் ஒரே எண்தானே, நீங்கள் உருவாக்கிய எண் பட்டியலில் வேறு உருவத்தில் இருந்தால்?" என்று கேளுங்கள். தாளைப் புரட்டுவான், அதில் பதில் இருக்காது. புதிய எண்ணின் இலக்கங்களை 4, 5 இரண்டிலிருந்து மட்டும் எடுத்தால் இந்தச் சிக்கல் வராது. யோசித்தவன் அதை அரை நிமிடத்தில் சொல்வான். இன்டர்னல் 25ல் செமினாருக்குக் கொடுக்கும் மதிப்பெண் இந்த அரை நிமிடத்துக்குத்தான். தாள் கூடாது.

காட்பாடி_எப்சிலான்:
யோசித்தவனும் தாள் வைத்திருக்கலாமே! தாள் வைத்திருந்தால் யோசிக்கவில்லை என்று எந்தத் தேற்றம் சொல்கிறது?

நேர்மாறு:
@காட்பாடி_எப்சிலான், உங்கள் முதல் பதிவிலேயே ஓட்டை இருக்கிறது. மிச்சத்தைப் பெருக்குத் தொடரோடு ஒப்பிட்டால் மேல்வரம்பு 1/க்யூ. க்யூ = 1 என்றால் அது 1 ஆகிவிடும். 1ஐவிடச் சிறியது என்று எப்படிச் சொன்னீர்கள்?

காட்பாடி_எப்சிலான்:
இரண்டாம் உறுப்பிலிருந்தே பெருக்குத் தொடரைவிடச் சிறியது, ஆகவே கண்டிப்பாகச் சிறியது. 'இ' 2க்கும் 3க்கும் நடுவில் இருப்பதால் க்யூ = 1 வரவே வராது என்றும் சொல்லலாம்.

நேர்மாறு:
அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பாலாற்றங்கரை:
தாள் பார்த்து எழுதியிருப்பார். தாளில் அந்த வரி இல்லை போலிருக்கிறது.

கோட்டை_அகழி:
ஆரம்பிச்சிட்டாரு. அட்மின், இவர் இந்த இழையில எத்தினி தபா "தாள் கூடாது"ன்னு எழுதிக்கீறாருன்னு யாராச்சும் எண்ணுங்கப்பா.

பாலாற்றங்கரை:
எண்ணுங்கள். விரல் விட்டு எண்ணுங்கள், தாளில் குறித்துக்கொள்ளாமல். டிடர்மினன்ட் இழையில் நான் கேட்ட கேள்விக்கும் அப்படியே பதில் சொல்லிவிட்டுப் போங்கள், அது இன்னும் அங்கேயே கிடக்கிறது.