'மினிட்' விளையாட்டின் அறுபது நொடி: காலக்கெடுவா, மூச்சளவா?

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

'மினிட்' என்ற கணினி விளையாட்டில் நாயகனுக்குக் கிடைக்கும் அறுபது நொடியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை நேர வரம்பு, காலக்கெடு, தவணை, கன்னல், காலச் சுழல் என ஐந்து சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. வண்ணாரப்பேட்டையில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக நான் எழுதிவரும் விளையாட்டு வடிவமைப்புக் கையேட்டில் ஐந்தையும் மாற்றி மாற்றி இட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். எந்தச் சொல் என்பதைவிட, எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதில்தான் நமக்குள் வேறுபாடு இருப்பதாக எனக்குப் படுகிறது.

'மினிட்' 2018 ஏப்ரலில் வெளிவந்தது. நால்வர் சேர்ந்து உருவாக்கிய சிறிய சாகச விளையாட்டு. கறுப்பு, வெள்ளை ஆகிய இரண்டே நிறங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் பழைய பாணி உருவங்கள். கடற்கரையில் கிடக்கும் வாள் ஒன்றை நாயகன் எடுக்கிறான். அது சாபம் பிடித்த வாள் என்பதால் அந்தக் கணம் முதல் அறுபது நொடிக்கு மேல் அவனுக்கு ஆயுள் இல்லை. நேரம் தீர்ந்ததும் விழுந்து சாகிறான்; மறுகணம் தன் வீட்டில் எழுந்து நிற்கிறான். ஆனால் அவன் தேடிச் சேர்த்த வாளோ பூவாளியோ அவனிடமே இருக்கும். காப்பி குடித்துப் பெற்ற வலிமையும், அதாவது கனமான பெட்டிகளைத் தள்ளும் திறனும், அவனை விட்டுப் போவதில்லை. வேறொரு வீட்டைக் கண்டடைந்தால் அடுத்த முறை அங்கிருந்தே எழலாம். இப்படி ஒவ்வொரு நிமிடமாக அவன் எட்டும் தூரம் கூடிக்கொண்டே போகிறது.

இதற்குக் 'காலக்கெடு' பொருந்தாது என்பதை 1989-இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை அருகில் வைத்துப் பார்த்தால் எளிதில் உணரலாம். அங்கே இளவரசியை மீட்க மொத்தம் 60 நிமிடம். நாயகன் எத்தனை முறை செத்துப் பிழைத்தாலும் அந்தக் கடிகாரம் பாட்டுக்கு ஓடும். அதுதான் கெடு. 'மினிட்'டிலோ கடிகாரம் தீர்வதே சாவு, செத்தால் கடிகாரம் புதிதாகிவிடும். தவிர, கெடு என்றாலே அதை விதித்த ஒருவர் எதிரில் நிற்கிறார். எங்கள் தெருவில் கெடு என்ற சொல் வட்டிக்குக் கொடுத்தவர் வாயிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது.

'தவணை' உண்மையிலேயே நல்ல முன்மொழிவு. மீண்டும் மீண்டும் வருவது, ஒவ்வொன்றும் முந்தையதோடு சேர்ந்து கணக்கில் ஏறுவது ஆகிய இரு கூறுகளும் அதில் இருக்கின்றன. ஆனால் 'தவணை முறையில் சாகும் வீரன்' என்று வகுப்பில் நான் சொன்ன அன்று பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பாடம் அத்தோடு நின்றது. 'கன்னல்' முல்லைப்பாட்டிலேயே வரும் நீர்க்கடிகாரத்தின் பெயர், அழகான சொல். எனினும் இன்று அதைக் கேட்பவருக்குக் கரும்பே நினைவுக்கு வருகிறது. நேர வரம்பில் பிழை ஏதும் இல்லை. தேர்வறைக்கும் அது பொருந்தும், வண்டி நிறுத்துமிடத்துக்கும் பொருந்தும் என்பதுதான் அதன் குறை.

மிகுதியான ஆதரவு 'காலச் சுழல்' என்பதற்கு இருப்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2000-இல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்'கில் மூன்று நாள் முடிவதற்குள் காலத்தைப் பின்னோக்கித் திருப்புகிறோம். முக்கியமான சில பொருள்கள் தங்கினாலும், ஊரில் நாம் தீர்த்துவைத்த துயரம் மறுபடி தீராத துயரமாகிறது. 2019-இன் 'அவுட்டர் வைல்ட்ஸ்' 22 நிமிடத்துக்கு ஒருமுறை (நம் நாழிகைக்கு இரண்டு நிமிடம்தான் குறைவு) முழுவதும் பழைய நிலைக்கே திரும்பும். நமக்கு மிஞ்சுவது தெரிந்துகொண்டது மட்டுமே. இவ்விரண்டிலும் சுழல்வது காலம். 'மினிட்'டில் காலம் சுழல்வதே இல்லை. நாயகன் செய்து முடித்த காரியம் செய்ததாகவே இருக்கிறது, உலகம் முன்னோக்கியே நகர்கிறது. திரும்பி வருவது ஆள் மட்டும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், எது தங்கும், எது அழியும் என்று வடிவமைப்பாளர் முதலில் முடிவு செய்ய வேண்டிய வேறுபாட்டையே சொல் மறைத்துவிடும்.

நான் முன்வைக்கும் சொல் 'மூச்சு'. அதன் நீளத்துக்கு 'மூச்சளவு'. இது என் மூளையில் உதித்ததன்று. காசிமேட்டில் அக்கா வீட்டில் அவள் மகன் 'மினிட்' விளையாடிக்கொண்டிருந்தபோது என் அப்பா பின்னால் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டில் கலங்கரை விளக்கின் அருகே ஒரு கிழவர் புதையலைப் பற்றி ஓரிரு எழுத்தாக, வேண்டுமென்றே மெதுவாகப் பேசுவார். கேட்டு முடிப்பதற்குள் நிமிடம் போய்விடும். பையன் பட்டனை அழுத்தி அழுத்தித் தவித்தான். இளமையில் சடுகுடு ஆடிய அப்பா, "இன்னாடா, பாடிப் போற மாதிரியே கீது! மூச்சு கீறப்பவே ஓடியாந்துடணும்" என்றார். "இதுல ஓடியாற வேணாம் தாத்தா, செத்தா தானா வூட்டாண்ட வந்துடும்" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் திருத்தினான்.

சடுகுடுவில் பாடிச் செல்பவருக்குக் கடிகாரம் அவருடைய நுரையீரலே. ஒரு மூச்சுக்குள் எதிரணியின் எல்லைக்குள் போய்த் தொட்டு மீள வேண்டும்; எடுத்த புள்ளி அணியின் கணக்கில் நிற்கும், அடுத்த முறை புதிய மூச்சு. இன்றைய தொழில்முறைக் கபடியில் அந்த மூச்சுக்கு 30 நொடி என்று கடிகாரமே வைத்துவிட்டார்கள். ஆகவே மூச்சைக் காலத்தால் அளப்பது நமக்குப் புதிதன்று.

பையன் சொன்ன மறுப்பை நான் ஒதுக்கிவிடவில்லை. சடுகுடுவில் மூச்சோடு மீள வேண்டும், இங்கே மூச்சு போவதே மீளும் வழி. உவமை அந்த இடத்தில் ஒட்டவில்லை என்பது சரிதான். ஆனால் சொல் மற்ற இடங்களில் தானாகவே வேலை செய்கிறது. தவறான வழியில் போய்விட்டால் காத்திராமல் உடனே சாவதற்கு 'மினிட்'டில் ஒரு பட்டன் உண்டு. அதற்கு 'மூச்சை விடுதல்' என்பதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்வது? 2009-இல் வந்த 'ஹாஃப்-மினிட் ஹீரோ'வில் 30 நொடிதான் கெடு என்றாலும் காலதேவதைக்குக் காசு கொடுத்து நேரத்தைப் புதுப்பிக்கலாம். அதை 'மூச்சு வாங்குதல்' என்று எழுதினேன். பிள்ளைகள் இரு பொருளையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டார்கள்.

'தம்' என்றே வைத்துவிடலாமே, இங்கே 'தம் கட்டி' என்றுதானே பேசுகிறோம் என்று எண்ணூர் நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். பேச்சில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் கையேட்டில் 'ஒரு தம்முக்கு அறுபது நொடி' என்று அச்சிட்டால், பெற்றோர் பெட்டிக்கடை விவகாரம் என்று எண்ணி என்னைத் தேடி வருவார்கள்.

பயன்பாட்டுக்குச் சில தொடர்கள்: 'மினிட்டின் மூச்சளவு அறுபது நொடி.' 'பூவாளியை எடுத்து முதல் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கு மூன்று மூச்சு ஆயிற்று.' 'இந்தக் கட்டத்தின் வழி மூச்சளவைவிட நீளமாக இருக்கிறது. நடுவில் ஒரு வீடு வையுங்கள்.' கடைசித் தொடரில் 'நேர வரம்பு' என்று இட்டுப் படித்துப் பாருங்கள். இலக்கணம் இடிக்காது, ஆனால் வீடு எதற்கு என்பது விளங்காது.

கெடு, சுழல் இரண்டையும் நீக்கச் சொல்லவில்லை. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வுக்குக் காலக்கெடு, 'அவுட்டர் வைல்ட்ஸ்' போன்றவற்றுக்குக் காலச் சுழல், 'மினிட்'டுக்கு மூச்சளவு என்று மூன்றையும் தனித்தனி உள்ளீடுகளாகச் சொற்பட்டியலில் சேர்க்கலாம். 'ஹாஃப்-மினிட் ஹீரோ'வை எதில் வைப்பது என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. மேலே அதற்குக் 'கெடு' என்று எழுதிவிட்டு மூச்சையும் வாங்க வைத்திருக்கிறேன். அதை ஆடி முடித்தவர்கள் யாரேனும் சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து