வோர்ட்டிசெல்லாவைப் படம் பிடிக்க வழி சொல்லுங்கள்

நண்பர்களே, எங்கள் ஊர்க் குளத்துப் பாசியில் வோர்ட்டிசெல்லா என்ற ஒரு செல் நுண்ணுயிரி கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கிறது. மணி வடிவ உடல், வாயைச் சுற்றி ஓயாமல் அடிக்கும் நுண்மயிர்கள், கீழே நூல் போன்ற காம்பு. மேசை லேசாக அதிர்ந்தாலே காம்பு சுருண்டு உடலைக் கீழே இழுத்துவிடும். சில மில்லிசெகண்டில் முடிந்துவிடுகிறது. அப்புறம் மெதுவாக, நிதானமாக நிமிரும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி!

இதைத்தான் தெளிவாகப் படமெடுக்க வேண்டும். மாணவர் மைக்ரோஸ்கோப், கண்வில்லையில் பொருத்திய செல்போன். 10எக்ஸ் லென்ஸில், ஒளியைக் குவிக்கும் கண்டென்சருக்குக் கீழே கறுப்புக் காகித வட்டம் வைத்தால் இருண்ட பின்னணியில் அருமையாக மின்னுகிறது. 40எக்ஸுக்குப் போனால் பின்னணி வெளுத்துவிடுகிறது. ஷட்டரை 1/1000 நொடிக்குக் குறைத்தால் படம் இருட்டு; ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடுகிறது.

நீரைக் கெட்டியாக்கும் மெத்தில் செல்லுலோஸ் விட்டால் அசைவு மட்டுப்படும், சரி. ஆனால் அந்தத் துள்ளல் போய்விடுமே, எனக்கு அதுதான் முக்கியம்.

40எக்ஸுக்குக் காகித வட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கீழிருந்து கேமரா ஃபிளாஷ் அடித்து யாராவது எடுத்திருக்கிறீர்களா? விளக்கை எங்கே, எப்படிப் பொருத்தினீர்கள்? உங்கள் அமைப்பின் படம் இருந்தால் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.